ஓங்கலன் ஆண்ட ஒன்பது வருஷம்

தெட்சிணாமூர்த்தி அண்ணனை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும். ஆளை நேரில் பார்க்க எட்டு மாதம் ஆனது.

2009, மாசி மாதம். எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் திருவேட்டக்குடியிலிருந்து நான்கு பேர், மற்ற ஊர்க்காரர்கள் மூன்று பேர் என்று ‘மீனலோசனி’ விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தோம். போன அன்றே திரும்பாமல் ஐந்தாறு நாள் கடலிலேயே கிடந்து மடி வலை இழுக்கும் தொழில் அது. மூன்றாம் நாள் மத்தியானம் கியர்பாக்ஸ் உடைந்தது. கட்டி இழுத்துப் போக வேறு படகு மறுநாள்தான் வரும் என்று தகவல் வந்தது. டிரைவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். வயர்லெஸ் பெட்டி என் பொறுப்பில் இருந்தது.

பொழுது சாயச் சாயக் காற்று கூடியது. எஞ்சின் ஓடாத படகை அலை எப்படித் தூக்கி எறியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, “யாராச்சும் இருக்கீங்களா, ஓவர்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சொல்வதற்கு விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு குரல் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது.

“யாருப்பா அது அழுவுறது?” என்றது ஒரு குரல்.

“நான் ஒண்ணும் அழுவல.”

“சரி, அழுவாதவரே. சாப்புட்டீங்களா?”

“இல்ல. படகு ஆடுற ஆட்டத்துல அடுப்புல சட்டி நிக்க மாட்டேங்குது.”

“நான் சிவசக்தி படகுல சமையல் பாக்குறேன். இப்ப ரெண்டு கிலோ வெங்காயம் உரிச்சாவணும். உரிச்சி முடிக்கிற வரைக்கும் எதையாச்சும் சொல்லிக்கிட்டு இருக்கவா?”

“சொல்லுங்க.”

“நாலுவாசல்னு ஒரு கோட்டை இருந்துச்சி. அதுல ஒரு வாசக் காவக்காரன். அவன் மவன் பேரு ஓங்கலன்...”

பேசும் பொத்தானை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டு வெங்காயம் உரித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஒரு மணி நேரம் விடாமல் பேசினார். முடித்தபோது எங்கள் படகில் எல்லோரும் வயர்லெஸ்ஸைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். காய்ச்சல்காரரும் எழுந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் உச்சிப்பொழுதுக்கு இழுவைப் படகு வந்து எங்களைக் கட்டிக்கொண்டு போனது.

அதோடு அது முடிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, மீன் விலை பேசிக்கொண்டிருந்த சானலில் யாரோ ஒருவர் குறுக்கே புகுந்து, “அந்தக் காவக்காரன் மவன் என்ன ஆனான்?” என்று கேட்டிருக்கிறார். எனக்குச் சொன்ன கதையைப் பக்கத்தில் கிடந்த பதினெட்டுப் படகும் கேட்டிருந்தது.

அதன்பின் தினமும் சாயங்காலம் ஆறு மணி என்று ஆகிவிட்டது. மடியை இழுத்து வாங்கி, மீனைத் தரம் பிரித்து, ஐஸில் போட்டுவிட்டுக் கை கழுவும் நேரம். அரை மணி நேரம் யாரும் அந்த சானலில் பேச மாட்டார்கள். “ஆறு மணிக்கு மேல விலை கேக்காதீங்க, ராஜா வர்ற நேரம்” என்பார்கள்.

தெட்சிணாமூர்த்தி அண்ணனுக்குச் சொந்த ஊர் காரைக்கால்மேடு. எட்டாவதோடு படிப்பை விட்டவர். பதினைந்து வயதில் காரைக்கால் டவுனில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சவியே என்பவர் வீட்டில் சமையலுக்கு உதவியாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆறு வருஷம். மிச்சப்பட்ட ரொட்டியை வீணாக்காமல் சூப்பில் போடுவது, மீன் தலையை வேகவைத்து வடிகட்டுவது எல்லாம் அங்கே கற்றதுதான். சவியே ஐயா மகனோடு பிரான்சுக்குப் போய்விட, வீட்டைப் பூட்டிவிட்டார்கள். இவர் கடலுக்கு வந்தார். முதல் இரண்டு வருஷம் மற்றவர்களைப் போல மடிதான் இழுத்தார். ஒருநாள் படகில் சமைக்கிறவர் வராமல் போக, இவர் குழம்பு வைத்தார். அதற்கப்புறம் யாரும் அவரை மடி பக்கம் விடவில்லை.

ஐப்பசியில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். குரலை வைத்து நல்ல வாட்டசாட்டமான ஆளை நினைத்து வைத்திருந்தேன். முன்பல் இரண்டு இல்லாத, என் தோள் உயரமே இருந்த மனிதர் வந்து, “அழுவாதவரு நீங்கதானா?” என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து கடைசிவரை எனக்கு அந்தப் பெயர்தான்.

ஓங்கலனின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாலுவாசல் கோட்டைக்கு நான்கு கதவுகள். ஒவ்வொன்றும் ஒரு காற்றுக்கு. நாங்கள் கடலில் பெயர் சொல்லி அழைக்கும் அதே காற்றுகள், அந்த ஊரில் கை கால் முளைத்த ஆட்களாக நடமாடின. வடக்கு வாசலில் வாடை, ஒல்லியான, எப்போதும் கோபமாக இருக்கும் பெண். கிழக்கே கொண்டல், மழையை மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரும் தொந்தி வியாபாரி. தெற்கே சோழகம், பாட்டுப் பாடும் இளவட்டம். மேற்கே கச்சான், குடித்துவிட்டு வரும் பயில்வான். ஒரு நேரத்தில் ஒரு கதவைத்தான் திறக்க வேண்டும். இரண்டு திறந்தால் புயல். எதைத் திறப்பது என்று தீர்மானிப்பதுதான் ராஜா வேலை.

பழைய ராஜா வாரிசு இல்லாமல் செத்துப்போனார். நான்கு காற்றையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிட வைப்பவனுக்குப் பட்டம் என்று மந்திரிகள் அறிவித்தார்கள். சேனாதிபதி வாளைக் காட்டிப் பார்த்தான். செட்டியார் பொன்னைக் காட்டிப் பார்த்தார். காவல்காரன் மகன் ஓங்கலன், யாருக்கு என்ன பிடிக்கும் என்று நான்கு பேரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டான். பந்தியில் நான்கு பேரையும் முதுகோடு முதுகு ஒட்ட உட்காரவைத்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. நான்கு பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது தடவை ரசம் கேட்டார்கள். பத்தொன்பது வயதில் ஓங்கலன் ராஜாவானான்.

அவன் போட்ட வரிதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. நெல் வேண்டாம், காசு வேண்டாம். வருஷத்துக்கு ஒரு நாள் ஒவ்வொருவரும் அரண்மனைக்கு வந்து ஒரு பானைக்குள் ஒரு மூச்சு ஊதிவிட்டுப் போக வேண்டும். வாயைக் கட்டி, பெயர் எழுதி அடுக்கி வைப்பார்கள். காற்றே அடிக்காத நாட்களில் கடலில் பாய்மரப் படகுகள் நின்றுபோனால் ராஜா பானைகளைத் திறந்துவிடுவார். ஊர் ஜனங்களின் மூச்சு படகுகளைக் கரைக்குக் கொண்டுவரும்.

ஒருநாள் ஒரு பெண் வந்து நிற்கிறாள். புருஷன் கடலில் போய் மூன்று வருஷம். உடலும் கிடைக்கவில்லை. போன வருஷங்களில் அவன் ஊதிய பானை அரண்மனையில் இருக்கிறதா, அதைக் கொடுங்கள் என்று கேட்கிறாள். பானை ஊர் சொத்து, தனி ஆளுக்குக் கொடுக்கச் சட்டம் இல்லை என்கிறார்கள் மந்திரிகள். அந்த இடத்தில் அண்ணன், “நாளைக்கி பாப்பம், ஓவர்” என்று பொத்தானை விட்டுவிட்டார்.

2004 சுனாமியில் ஆள் பறிகொடுக்காத படகு எங்கள் பக்கத்தில் கிடையாது. மறுநாள் காலையிலிருந்தே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். “குடுத்தாரா?” “குடுக்கச் சொல்லுண்ணே.” பட்டினச்சேரி படகிலிருந்து ஒரு முரட்டுக் குரல், “குடுக்கலன்னா இனிமே உன் கதை வேணாம்” என்றது. ஆறு மணிக்கு ஓங்கலன் பானையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயை அவிழ்த்தாள். ஒரு நெடிய மூச்சு அவள் முகத்தில் பட்டு, கூரை ஓலையை அசைத்துவிட்டுப் போனது. அவ்வளவுதான். அன்றைக்கு யாரும் “ஓவர்” சொல்லவில்லை.

அண்ணன் தரையில் இருக்கும்போது கதையில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது ஆட்கள் அவர் வீட்டுக்கே போய்க் கேட்பார்கள். “தரையில நின்னா எனக்கு நாக்கு திரும்ப மாட்டேங்குதுப்பா” என்பார். அவர் மனைவி சாரதாம்பாளுக்கு அதில் தீராத வருத்தம். “கடல்ல ராஜா கதை சொல்றாராம். பதினாறு வருஷமா எங்கிட்ட சொன்ன ஒரே கதை, ரேஷன் கடையில சக்கரை இல்லங்கறதுதான்” என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

வயர்லெஸ் எட்டாத தூரத்துப் படகுகளுக்குக் கதையைக் கடத்தியவர் நடராசன். கிளிஞ்சல்மேட்டுக்காரர், ‘கடல்ராணி’யின் டிரைவர், அண்ணனைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சிவசக்திக்கும் நாகப்பட்டினம் படகுகளுக்கும் நடுவில் எங்காவது கிடப்பார். ஆறு மணிக் கதையைக் கேட்டு, ஏழு மணிக்கு வேறு சானலில் தெற்கே இருப்பவர்களுக்குத் திருப்பிச் சொல்வார். சொல்லும்போது சொந்தச் சரக்கும் சேரும். அண்ணன் கதையில் ஓங்கலனுக்குக் குதிரை கிடையாது. நடராசன் வெள்ளைக் குதிரை கொடுத்தார். அண்ணன் கதையில் ராணி ஒருத்திதான், தறி நெய்பவர் மகள். நடராசன் சொன்னதில் செண்பகவல்லி என்று இரண்டாவது ராணி இருந்தாள், வாள் சுற்றுவாள்.

இதெல்லாம் ஆறேழு வருஷம் அண்ணனுக்குத் தெரியாது. 2016இல் ஏதோ சாமான் வாங்க நாகப்பட்டினம் போனவரிடம் ஒரு ஐஸ் கடைக்காரர், செண்பகவல்லிக்குக் குழந்தை பிறக்குமா என்று கேட்டிருக்கிறார். அடுத்த தடவை கடலுக்குப் போனதும் முதல் காரியமாகப் பொத்தானை அழுத்தினார்.

“கடல்ராணி, கடல்ராணி. எங்க ராஜாவுக்குப் பொண்டாட்டி ஒருத்திதான், ஓவர்.”

“அங்க ஒருத்தி, தெக்க ரெண்டு, ஓவர்” என்றார் நடராசன். “எங்க ஆளுங்களுக்கு ஒருத்தி பத்தலப்பா. நான் என்ன பண்ண?”

முப்பது படகும் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பதினொரு நாள் வயர்லெஸ்ஸைத் தொடவில்லை. பிறகு எங்கள் தொந்தரவு தாங்காமல் கதையை ஆரம்பித்தாலும், நடராசன் பேச்சுக்குப் பதில் பேச்சு கிடையாது. துறைமுகத்தில் எதிரே வந்தாலும் ஒதுங்கிப் போவார். நடராசன் பாட்டுக்குக் கதையை வாங்கித் தெற்கே அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். குதிரை, செண்பகவல்லி எல்லாம் சேர்த்தே.

2018 மாசியில் நடராசன் வீட்டில் விழுந்தார். பக்கவாதம். வலது கை போய்விட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. எதையோ சொல்ல முயன்று, முடியாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மாலை துறைமுகத்தில் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். மீன் செதில் ஒட்டிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரலில் தடைக்காலம் தொடங்கியது. நான்கைந்து நாள் கழித்து நடராசனைப் பார்க்கப் போனால், உள்ளே அண்ணனின் குரல் கேட்கிறது. கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நாலுவாசல் கோட்டையை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தரையில். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தடுமாறினார். வயர்லெஸ்ஸில் ஆறாக ஓடும் குரல் அங்கே நின்று நின்று வந்தது.

“தினம் நாலு மணிக்கு வந்துடுறாரு தம்பி” என்றார் நடராசனின் மனைவி. “டீ குடுத்தா குடிக்கிறாரு. மன்னிப்பு, கின்னிப்புன்னு ஒண்ணும் பேசல. நேரா கதைதான்.”

அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாளாவது நானும் போய் உட்கார்ந்தேன். ராஜா கல்யாணம் வந்த அன்று அண்ணன் நிறுத்திவிட்டுக் கட்டில் பக்கம் குனிந்தார்.

“இந்த எடத்துல நீங்க என்ன சொன்னீங்கண்ணே?”

நடராசன் இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். வாயின் நல்ல பக்கம் லேசாகச் சிரித்தது.

அண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டார். “சரி. ரெண்டு பேரு. ஆனா செண்பகவல்லி தனி வூட்டுல இருக்கட்டும். எங்க ராணி கோவக்காரி.” குதிரையையும் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

ஜூன் மாதம் தடை முடிய ஐந்து நாள் இருக்கும்போது கதை ஓங்கலனின் எழுபதாவது வயதில் வந்து நின்றது. நான்கு காற்றும் கிழடு தட்டி, ஒவ்வொன்றாகக் கோட்டையை விட்டுப் போய்விட்டன. நான்கு கதவும் திறந்து கிடக்கின்றன, ஓர் இலை அசையவில்லை. நடுக்கடலில் ஏழு பாய்மரப் படகுகள் நிற்கின்றன. குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது. அரண்மனைப் பானைகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டாயிற்று. படகுகள் பாதி தூரம்தான் வந்திருக்கின்றன.

அண்ணன் அங்கே நிறுத்தினார். அடுத்த நாளும் அதே இடத்தில் வந்து நின்றார். மூன்றாம் நாள் கையை விரித்துவிட்டார்.

“இதுக்கு மேல எனக்குத் தெரியலண்ணே. ராஜாவுக்கு வயசாயிடுச்சி. முடிச்சாவணும்னு தெரியுது. அவரு போயிட்டாருன்னா அடுத்த நாளு ஆறு மணிக்கு நான் என்ன பண்றது?”

நடராசன் எதையோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னார். அவர் மனைவி காதைக் கொண்டுபோய் வைத்தார். மூன்றாவது தடவை, கழுத்து நரம்பு புடைக்க, எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

“ராஜா... ஊதி... ட்டாரு.”

“ஊதிட்டாரா? எதை?”

நடராசன் இடது கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். “இது எனக்குத் தோணவே தோணாதுண்ணே” என்று கட்டிலில் நடராசனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

தடை முடிந்து கடலுக்குப் போன முதல் சாயங்காலம், ஆறு மணிக்கு, முப்பத்தோரு படகு கேட்டுக்கொண்டிருக்க அண்ணன் முடிவைச் சொன்னார். ஓங்கலன் கிழக்கு மதில்மேல் ஏறி நின்றான். இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டினான். நெஞ்சில் இருந்த மூச்சு முழுவதையும் கடலைப் பார்த்து ஒரே ஊதாக ஊதினான். அது கடலைச் சுற்றித் திரும்பி அடிக்க, ஏழு படகும் பாய் விரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கரை தட்டின. ஜனங்கள் மதில்மேல் ஏறிப் பார்த்தபோது ராஜா சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்தே இருந்தது.

“முடிவு நம்ம கடல்ராணி நடராசண்ணன் சொன்னது. ஓவர்.”

பிறகு யாரோ பொத்தானை அழுத்தி, வார்த்தை எதுவும் சொல்லாமல், மைக்கில் ஒரு ஊது ஊதினார்கள். இன்னொரு படகில் யாரோ சிரித்தார்கள். அந்தப் படகிலிருந்தும் ஒரு ஊது வந்தது. அப்புறம் வரிசையாக வந்தது. நானும் ஊதினேன். எத்தனை என்று நான் எண்ணவில்லை. அந்தச் சத்தம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி இருக்கும்.

நடராசன் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார். அண்ணன் இன்னும் இரண்டு வருஷம் சமையல் பார்த்தார். முட்டி வலி கூடி நின்றுவிட்டார். அந்த இரண்டு வருஷத்தில் பலரும் புதுக் கதை கேட்டார்கள். “ஒரு ராஜாவை ஆளாக்கவே ஒன்பது வருஷம் ஆயிடுச்சி” என்று தட்டிக் கழித்தார். பையன்கள் கரையிலேயே படங்களைப் போனில் இறக்கிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள். ஆறு மணி சானல் பழையபடி மீன் விலைக்குப் போனது. நானே இப்போது ஒரு படகுக்கு டிரைவர். அந்த நேரத்தில் கை தன்னால் பெட்டிப் பக்கம் போகும்.

போன மாதம் நெரவிக்குப் போயிருந்தேன். அண்ணனும் அண்ணியும் அங்கே மகள் பூங்கொடி வீட்டில்தான் இருக்கிறார்கள். சுற்றிலும் வயல், உப்புக் காற்று வராத ஊர். நான் கொண்டுபோன வஞ்சிரத்தை அண்ணனே உட்கார்ந்து நறுக்கினார். பேச்சு எங்கெங்கோ போய் ஓங்கலனிடம் வந்தது.

“அவரு பந்தி வச்சது ஞாபகம் இருக்கு. கடைசில ஊதுனது ஞாபகம் இருக்கு” என்றார். “நடுவுல அம்பது வருஷம் ஆண்டாரே, அது ஒண்ணுமே மனசுல நிக்கலப்பா. என்னென்ன சொன்னேன்?”

நான் சொன்னேன். உப்பு வியாபாரிகள் கோட்டையைச் சூழ்ந்தது, கச்சான் குடியை விட்டது, செண்பகவல்லி வெள்ளைக் குதிரையில் ஏறிக் கோபித்துக்கொண்டு போனது. சாரதாம்பாள் அண்ணி முறத்தில் கீரையோடு வந்து கதவோரம் உட்கார்ந்துகொண்டார். யாரோ சொன்ன கதையைக் கேட்பதுபோல அண்ணன் கேட்டார். குதிரை வந்த இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார். மீன் நறுக்குவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன்.

“ம். அப்புறம்?” என்றார்.